வெறுப்பில்லாத மறுப்பு: கிறிஸ்தவத்தை ஏற்காதவர்கள் சொல்லிவந்த காரணங்கள்

ஒரு மதத்தை ஏற்க மறுப்பவர் அதை வெறுக்கிறார் என்று எடுத்துக்கொள்ளலாமா? மதம் மாற மறுத்தவர்களையும், மாறியபின் திரும்பியவர்களையும், பிறந்த சபையிலிருந்து விலகியவர்களையும் பற்றிப் பேசும்போதெல்லாம் இந்தக் கேள்வி எழுகிறது. பிரசாரகர் பலர் மறுப்பைப் பகையாகப் படித்தார்கள். மறுத்தவர்களில் சிலர் உண்மையிலேயே பகை பாராட்டினார்கள். ஆனால் கடந்த முந்நூறு ஆண்டுப் பதிவுகளைப் பார்த்தால், கிறிஸ்தவத்தை அருகிலிருந்து அறிந்து, அதன் பெரும்பகுதியை மதித்து, அப்படியும் “வேண்டாம்” என்றவர்களின் வரிசை நீளமானது. தரங்கம்பாடியிலிருந்து யாழ்ப்பாணம் வழியாக சுவிட்சர்லாந்து வரை அது நீள்கிறது.

அந்த வரிசையின் இன்றைய முனையைப் பார்க்க லாங்கன்தால் பொருத்தமான ஊர். பெர்ன் மாநிலத்தின் மேட்டு ஆர்காவ் பகுதியில் உள்ள இந்தச் சிறு நகரத்தை ‘சராசரி சுவிஸ் ஊர்’ என்று அந்நாட்டு ஊடகங்கள் சொல்வதுண்டு. 1528இல் பெர்ன் சீர்திருத்த சபையை ஏற்றதிலிருந்து இதுவும் சீர்திருத்த வட்டாரம்தான். இன்று இங்கே கத்தோலிக்கப் பங்கு இருக்கிறது, 2006இல் திறக்கப்பட்ட சீக்கியக் குருத்வாரா இருக்கிறது, அல்பேனிய முஸ்லிம்களின் தொழுகைக்கூடம் இருக்கிறது. ரயிலில் சற்று நேரம் போனால் ஓல்டன். அதை ஒட்டிய திரிம்பாகில் ஈழத்தமிழர் கட்டிய மனோன்மணி அம்பாள் ஆலயம். இந்த நாட்டில் 1970இல் மதம் எதையும் சாராதவர்கள் நூற்றுக்கு ஒருவர் அளவில்தான் இருந்தார்கள். 2022ஆம் ஆண்டுக்கான அரசுப் புள்ளிவிவரத்தில் அவர்கள் 34 விழுக்காடு. கத்தோலிக்கர் 32, சீர்திருத்த சபையினர் 21. சாராதவர்களே தனிப்பெரும் பிரிவு ஆனது அப்போதுதான். விலகியவர்களில் மிகப்பெரும்பாலோர் சண்டை போட்டுக்கொண்டு போனவர்கள் அல்லர். அப்படியானால் ஏன் போனார்கள்?

தரங்கம்பாடிக் கடிதங்கள்

தமிழர் தம் கையால் எழுதிய பதில்களில் பழையவை என்று சொல்லத்தக்கவை 1712க்கும் 1714க்கும் இடையில் எழுதப்பட்டவை. 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த லூத்தரன் மிஷனரி சீகன்பால்கு, தம் சக ஊழியர் கிருண்ட்லருடன் சேர்ந்து, படித்த தமிழர்களுக்குக் கேள்விகளை எழுதி அனுப்பினார். அந்தப் பதில்கள் ஜெர்மனுக்கு மொழிபெயர்க்கப்பட்டு ஹாலே நகரில் அச்சாயின. கிறிஸ்தவத்தை ஏன் ஏற்கவில்லை என்பது கேட்கப்பட்ட கேள்விகளில் ஒன்று.

பதில் எழுதியவர்களின் தொனி இன்றைக்கும் வியப்பளிக்கிறது. கிறிஸ்தவ நெறியில் நல்லவை உண்டு என்று அவர்கள் தாராளமாக ஒப்புக்கொள்கிறார்கள். அவர்கள் முறையீடு நெறியைப் பற்றியதன்று, அதைச் சொல்லிக்கொண்டு வந்தவர்களைப் பற்றியது. துறைமுகத்து ஐரோப்பியர் மாட்டிறைச்சி உண்கிறார்கள், குடிக்கிறார்கள், குளியல் முதலான தூய்மை முறைகளைப் பேணுவதில்லை, ஒழுக்கத்தில் தளர்ந்திருக்கிறார்கள். இத்தகையோர் கைக்கொள்ளும் மார்க்கம் எங்களை எப்படித் திருத்தும் என்பது கேள்வி. அதோடு, அவரவர் நாட்டுக்கு அவரவர் நெறியை இறைவன் தந்திருக்கிறான் என்ற வாதமும் வருகிறது.

இந்த நிலைப்பாட்டின் பலவீனம் வெளிப்படை. கப்பல்காரரின் நடத்தையைக் கொண்டு ஒரு சமயத்தின் உண்மையை அளக்க முடியாது. அந்த அளவுகோலில் எந்தச் சமயமும் தேறாது. உணவிலும் குளியலிலும் உயர்வு தாழ்வு காண்பதற்குள் சாதி வழக்கம் ஒளிந்திருப்பதையும் மறுக்க முடியாது. ஆனாலும் இதைப் பகை என்று யாரும் சொல்லிவிட முடியாது. கேட்டவருக்கு மரியாதையோடு, நீளமாக, காரணம் காட்டி எழுதிய பதில்கள் இவை. மிஷனரிகளும் அவற்றை அழிக்காமல் மொழிபெயர்த்து ஐரோப்பியர் படிக்கக் கொடுத்தார்கள் என்பது அவர்களுக்கும் பெருமை.

நாவலரும் பைபிளும்

அடுத்த பதில் யாழ்ப்பாணத்தில் உருவானது. அது வேறு தரத்தது. 1822இல் நல்லூரில் பிறந்த ஆறுமுக நாவலர் வெஸ்லியன் மிஷன் பாடசாலையில் படித்தார், அங்கேயே ஆசிரியரானார், தலைமை மிஷனரி பீட்டர் பெர்சிவலுக்கு பைபிளைத் தமிழாக்குவதில் ஆண்டுக்கணக்கில் துணைநின்றார். மொழிபெயர்ப்பைப் பரிசோதிக்க இருவரும் சென்னைக்கும் போனார்கள். 1850இல் அச்சான அந்தப் பதிப்பின் தமிழில் நாவலரின் உழைப்பு இருக்கிறது. சைவப் பிரசங்கத்தை 1847இன் கடைசி நாளில் வண்ணார்பண்ணைச் சிவன்கோயிலில் தொடங்கிய மனிதரும் அவரே. மறு ஆண்டு சைவப்பிரகாச வித்தியாசாலை, அதன்பின் அச்சகம், 1854இல் ‘சைவ தூஷண பரிகாரம்’.

இந்த நூலின் வாதமுறை கூர்ந்து பார்க்கத்தக்கது. சைவரின் கோயில், அபிஷேகம், தூபம், தீபம், திருவிழா, தூய்மை தீட்டு எல்லாம் அஞ்ஞானம் என்று மிஷனரிகள் துண்டுப்பிரசுரம் போட்டுக்கொண்டிருந்தார்கள். நாவலர் பழைய ஏற்பாட்டைத் திறந்து வைத்தார். எருசலேம் ஆலயம், அதன் பலிபீடம், தூபவர்க்கம், குருமாரின் அபிஷேகம், பண்டிகைகள், தீட்டு விலக்கும் விதிகள் ஆகியவற்றை எடுத்துக்காட்டி, உங்கள் வேதத்தில் கடவுளே விதித்தவை என்று நீங்கள் நம்புகிறவற்றை எங்களிடத்தில் கண்டு எப்படி நகைக்கிறீர்கள் என்று கேட்டார். மேலோட்டமாகப் படித்தவரால் எழுப்பக்கூடிய கேள்வி அன்று அது. லேவியராகமத்தை வரி வரியாகத் தமிழில் இறக்கிப் பார்த்தவருக்கே கைவரும்.

மிஷனரிகளிடம் இதற்கு மறுமொழி இருந்தது: அந்தச் சடங்குகள் கிறிஸ்துவின் பலியோடு நிறைவேறி முடிந்துவிட்டன என்பது புரட்டஸ்தாந்தக் கொள்கை. எனவே நாவலரின் வாதம் கிறிஸ்தவத்தைப் பொய்யென்று நிறுவவில்லை. சைவத்தை அஞ்ஞானம் என்பதற்கு அவர்கள் காட்டிய காரணங்கள் செல்லா என்று மட்டுமே நிறுவியது. அதுவே அவருக்குப் போதுமாகவும் இருந்தது. மிஷனரிகளிடமிருந்து பள்ளிக்கூட அமைப்பு, பிரசங்க முறை, அச்சகம் எல்லாவற்றையும் அவர் கற்றுக்கொண்டதும் அவர்களிடம் அவருக்கிருந்த மதிப்பைக் காட்டுகிறது. அவருடைய மொழி பல இடங்களில் கடுமையானது, சில இடங்களில் ஏளனமும் கலந்தது. அதை மறைக்க வேண்டியதில்லை. இருந்தும் பெர்சிவலோடு உழைத்த ஆண்டுகளையும் சேர்த்துப் பார்க்கும்போது, வெறுப்பு என்ற ஒற்றைச் சொல்லுக்குள் அவரை அடைப்பது தவறான வாசிப்பு என்றே தோன்றுகிறது.

நாவலரிடம் உள்ள பெரிய ஓட்டை வேறு இடத்தில் இருக்கிறது. சாதி ஒழுங்கை அவர் ஆதரித்தார். யாழ்ப்பாணத்தில் ஒடுக்கப்பட்டவர்களுக்கு எழுத்தறிவின் கதவைத் திறந்தவற்றில் மிஷன் பள்ளிகள் முக்கியமானவை. அந்தப் பிள்ளைகளுக்கு நாவலரின் சைவ மறுமலர்ச்சி என்ன கொடுத்தது என்ற கேள்விக்கு அவர் நூல்களில் நல்ல பதில் இல்லை.

இயேசு வேண்டும், சபை வேண்டாம்

மூன்றாவது நிலைப்பாடு கிறிஸ்துவைக் கிறிஸ்தவத்திலிருந்து பிரித்தெடுத்தது. வங்கத்தில் ராம்மோகன் ராய் 1820இல் இயேசுவின் அறநெறிகளைத் தனியே தொகுத்து வெளியிட்டார். அற்புதங்களையும் திரித்துவத்தையும் விட்டுவிட்டார். சேராம்பூர் மிஷனரி ஜோஷுவா மார்ஷ்மன் கொதித்தெழுந்தார். தங்கள் ஆண்டவரைப் புகழ்ந்து எழுதிய ஒருவரோடு மிஷனரிகள் ஆண்டுக்கணக்கில் மல்லுக்கட்டினார்கள்.

ஈழத்தில் சேர் பொன்னம்பலம் இராமநாதன் இன்னும் ஒரு படி உள்ளே போனார். மத்தேயு சுவிசேஷத்துக்கு 1898இலும் யோவான் சுவிசேஷத்துக்கு 1902இலும் ஆங்கிலத்தில் விளக்கவுரைகள் வெளியிட்டார். சைவ ஞானமார்க்கத்தின் கண்ணால் இயேசுவைப் படித்தவை அவை. மேற்கத்தியச் சபைகள் தங்கள் நூலின் உட்பொருளைத் தவறவிட்டுவிட்டன என்பது அவர் துணிபு. ஒரு சைவர் சபைகளை மறுத்துக்கொண்டே சுவிசேஷத்துக்கு உரை எழுதுவது, வெறுப்பில்லாத மறுப்புக்கு நல்ல எடுத்துக்காட்டு. ஆனால் உரை முழுவதும் இயேசு ஒரு சைவ ஞானியாகவே நிற்கிறார். அவர் யூதர் என்பதும், ரோம ஆட்சியில் கொல்லப்பட்டவர் என்பதும் பின்னுக்குப் போய்விடுகின்றன. பிறர் சமயத்தை அன்போடு விழுங்கிவிடுவதும் ஒருவகை மறுப்பே.

காந்தி இந்த நிலைப்பாட்டின் மிகப் பெரிய பிரதிநிதி. பிரிட்டோரியாவில் கிறிஸ்தவ நண்பர்கள் அவரை மாற்றப் பெரிதும் முயன்றார்கள். மலைப்பிரசங்கம் அவர் நெஞ்சைத் தொட்டது. இயேசு ஒருவரே கடவுளின் குமாரர் என்பதை மட்டும் அவரால் ஏற்க முடியவில்லை என்று சத்திய சோதனையில் பதிவுசெய்கிறார். 1931 டிசம்பரில் லண்டன் வட்டமேசை மாநாட்டிலிருந்து திரும்பும் வழியில் சுவிட்சர்லாந்தின் வில்நவ் ஊரில் பிரெஞ்சு எழுத்தாளர் ரொமேன் ரோலண்டின் விருந்தினராகத் தங்கினார். அப்போது லொசான் நகரில் நடந்த கூட்டத்தில், கடவுள் சத்தியம் என்று சொல்லிவந்த தாம் சத்தியமே கடவுள் என்று சொல்லும் நிலைக்கு வந்தது ஏன் என்று விளக்கினார். கடவுளை மறுக்கிற நாத்திகர்கூட சத்தியத்தை மறுப்பதில்லை என்பது அவர் காட்டிய காரணம். அதே பயணத்தில் வத்திக்கான் சிற்றாலயத்தில் சிலுவையில் தொங்கும் இயேசுவின் உருவத்தின் முன் நெகிழ்ந்து நின்றார். போப்பாண்டவர் அவரைச் சந்திக்கவில்லை.

காந்தியின் நிலைப்பாட்டைத் தடுத்து நிறுத்திக் கேட்டவர் ஒரு தமிழர். வேதநாயகம் சாமுவேல் அசரியா, 1874இல் திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில் பிறந்தவர், 1912இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பிஷப். மதமாற்றம் வேண்டாம், அவரவர் சமயத்தில் நின்று நல்லவராகுங்கள் என்று காந்தி சொன்னபோது, தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கல்லில் அசரியாவிடம் ஞானஸ்நானம் பெற்றுக்கொண்டிருந்தவர்கள் மாலர், மாதிகர் என்ற தீண்டப்படாத சாதியினர். கிணற்றில் நீரெடுக்க முடியாத ஒருவரிடம், நீ இருக்கும் இடத்திலேயே இரு என்று உயர்சாதியில் பிறந்த ஒருவர் சொல்லலாமா என்ற கேள்வி அங்கே எழுந்தது. காந்தியின் அன்பில் ஐயமில்லை. ஆனால் மறுப்பதற்கு வேண்டிய ஓய்வும் உரிமையும் எல்லோருக்கும் ஒரே அளவில் வாய்த்திருக்கவில்லை. இந்த விவாதத்தில் அசரியாவின் பக்கம் வலுவானது என்பது என் கருத்து. அவரும் வெறும் சபைக்காவலர் அல்லர்: 1910இல் எடின்பரோ மாநாட்டில், வெள்ளை மிஷனரிகள் இந்தியரைச் சமமான நண்பர்களாக நடத்துவதில்லை என்று நேருக்கு நேர் சொன்னவர்.

சாதி என்ற அளவுகோல்

சாதியைக் கொண்டு கிறிஸ்தவத்தை அளந்தவர்கள் நான்காவது தரப்பினர். 1833இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி கூடாது என்று தெற்கே சுற்றறிக்கை விட்டார். தஞ்சையிலும் சென்னையிலும் வெள்ளாளக் கிறிஸ்தவர்கள் கூட்டமாக எதிர்த்தார்கள். கத்தோலிக்கத் தரப்பில் திருநெல்வேலி வடக்கன்குளம் இந்தக் கதையின் கண்கூடான சின்னம். 1872இல் கட்டி முடிந்த திருக்குடும்ப ஆலயத்துக்கு இரண்டு நடைக்கூடங்கள். பீடத்தில் தொடங்கி இரண்டு கிளையாக விரிகின்றன. ஒன்றில் வெள்ளாளர், மற்றதில் நாடார். நடுவே சுவர். குரு ஒருவர், பூசை ஒன்று. இந்தப் பக்கத்தார் அந்தப் பக்கத்தாரைப் பார்க்காமலே நற்கருணை வாங்கிக்கொண்டு வீடு திரும்பலாம். 1910இல் கௌசானல் அடிகளார் சுவரை இடித்தார். வெள்ளாளர் நீதிமன்றம் போய்த் தோற்றார்கள்.

பெரியாரின் சுயமரியாதை இயக்கம் இத்தகைய சான்றுகளைக் கையில் வைத்துக்கொண்டு பேசியது. பர்ட்ரண்ட் ரசல் 1927இல் லண்டனில் ஆற்றிய, தாம் ஏன் கிறிஸ்தவர் அல்லர் என்று விளக்கும் உரையையும் தமிழ் வாசகர்களிடம் கொண்டுவந்தது. ரசலின் மறுப்பு, கடவுளுக்கான தத்துவ நிரூபணங்களின் பிழைகளைச் சுட்டியது. பெரியாரின் மறுப்பு, கல்லறையிலும் சாதி பார்ப்பவர் எப்படிச் சமத்துவம் போதிப்பார் என்று கேட்டது. தமிழ்நாட்டில் ஆழமாக இறங்கியது இரண்டாவதுதான். இந்து மதத்தைச் சாடிய அளவுக்குப் பெரியார் கிறிஸ்தவத்தைச் சாடவில்லை என்று ஒரு குறை இன்றும் பேசப்படுகிறது. தம் காலத்தில் தம் மக்களை அழுத்தியது எதுவோ அதன்மேல் அவர் கூடுதல் விசையைச் செலுத்தினார் என்பதே பொருத்தமான பதில். கிறிஸ்தவத்தை அவர் விட்டுவைக்கவும் இல்லை.

அம்பேத்கர் 1935இல் இயோலாவில் இந்துவாகச் சாகமாட்டேன் என்று அறிவித்தபின் இருபது ஆண்டுகளுக்கு மேல் எல்லா வாசல்களையும் ஆராய்ந்தார். இந்தியக் கிறிஸ்தவம் தீண்டப்படாதோருக்குச் செய்த நன்மைகளை அவர் ஏற்கிறார். சாதியை உள்ளே விட்டதையும், மதம் மாறிய ஏழையின் சிவில் உரிமைக்காகச் சபை போராடாததையும் கண்டிக்கிறார். 1956 அக்டோபர் 14இல் நாகபுரியில் பௌத்தரானார். கிறிஸ்தவத்தை வெறுத்து ஒதுக்கிய முடிவு என்று அதைச் சொல்ல முடியாது. நிறுத்துப் பார்த்தார், எடை போதவில்லை.

இத்தரப்பின் பலவீனம், சாதி இந்தியாவில் எல்லா மதத்துக்குள்ளும் நுழைந்த நோய் என்பதை அது சில நேரம் மறந்துவிடுவது. தலித் கிறிஸ்தவர்களே சபைக்குள் நடத்திவரும் போராட்டத்தையும் அது போதிய அளவு கணக்கில் கொள்வதில்லை. 1950ஆம் ஆண்டு அட்டவணைச் சாதி ஆணை அவர்களை இன்றும் பட்டியலுக்கு வெளியே வைத்திருக்கிறது. சபையில் சாதி, அரசிடம் சாதிச் சலுகை மறுப்பு என்று இரண்டு பக்கமும் அடிபடுகிறவர்கள், அப்படியும் ஏன் கிறிஸ்தவர்களாகவே நீடிக்கிறார்கள் என்பதற்கு மறுப்பாளர்களிடம் நிறைவான விளக்கம் இல்லை.

உள்ளிருந்து எழுந்தவை

ஐரோப்பாவில் கிறிஸ்தவத்தை மிகக் கூர்மையாக விசாரித்தவர்கள் அதன் பிள்ளைகள். சுவிஸ் மண் இதற்குத் தொடக்கம் முதலே களம். 1525 ஜனவரியில் சூரிச்சில் சிலர், குழந்தைக்குக் கொடுத்த ஞானஸ்நானம் செல்லாது, அறிவோடு நம்புகிறவரே பெறவேண்டும் என்று மறுபடி ஞானஸ்நானம் பெற்றார்கள். பெலிக்ஸ் மன்ஸ் என்ற அவர்களுடைய தலைவரை 1527இல் லிம்மட் ஆற்றில் மூழ்கடித்துக் கொன்றது சீர்திருத்தம் பேசிய நகரசபை. பெர்ன் ஆட்சியும் தன் எல்லைக்குள் இவர்களை நூற்றாண்டுக் கணக்கில் விரட்டியது. அரசும் சபையும் ஒன்றாக இருப்பதை மறுத்த இந்த விசுவாசிகளைக் கிறிஸ்துவின் பகைவர் என்று அன்று நம்பியவர்கள் நல்ல கிறிஸ்தவர்கள்தாம்.

1839இல் சூரிச் பல்கலைக்கழகம், இயேசு வரலாற்றில் புராணக்கூறுகள் கலந்திருப்பதாக எழுதிய டேவிட் பிரீட்ரிக் ஸ்ட்ராஸைப் பேராசிரியராக நியமித்தது. கிராமத்து மக்கள் திரண்டதில், பாடம் எடுக்குமுன்பே அவருக்கு ஓய்வூதியம் கொடுத்து அனுப்பினார்கள். அதோடும் அடங்காமல் அந்த ஆண்டு செப்டம்பரில் அரசாங்கமே கவிழ்ந்தது.

இந்த வரிசையில் என்னை அதிகம் நிறுத்துபவர் பிரான்ஸ் ஓவர்பெக். 1870 முதல் 1897 வரை பாசல் பல்கலைக்கழகத்தில் புதிய ஏற்பாடும் ஆதிச்சபை வரலாறும் கற்பித்தவர், நீட்சேயின் உற்ற தோழர், 1889 ஜனவரியில் மனம் சிதைந்த நீட்சேயை தூரினிலிருந்து அழைத்துவந்தவர். உலகம் சீக்கிரம் முடியும் என்று நம்பிய ஆதிக் கிறிஸ்தவத்துக்கும், அரசோடும் நாகரிகத்தோடும் குடித்தனம் நடத்தும் இன்றைய கிறிஸ்தவத்துக்கும் சம்பந்தமில்லை என்பது அவர் முடிவு. தமக்கு விசுவாசம் இல்லை என்று தெரிந்தே இறையியல் நாற்காலியில் இருந்தார். நீட்சேயைப் போல முழங்கவில்லை. கிறிஸ்தவத்தைத் தாக்கவும் விரும்பவில்லை, அது இல்லாததை இருப்பதாகக் காட்டவும் விரும்பவில்லை. அவருடைய எழுத்துகள் 1919இல் மறைவுக்குப்பின் வெளிவந்தபோது, அவற்றை முக்கியமாக எடுத்துக்கொண்டு எழுதியவர் ஒரு போதகர்: லாங்கன்தாலிலிருந்து தொலைவில்லாத ஸாபன்வில் ஊரில் 1911 முதல் 1921 வரை பணியாற்றிய கார்ல் பார்த். விசுவாசமில்லாதவரின் விமரிசனம், இருபதாம் நூற்றாண்டின் பெரிய விசுவாச இறையியல்களில் ஒன்றுக்கு உரமானது.

வரிச்சீட்டும் விலகல் கடிதமும்

இன்றைய லாங்கன்தாலில் மறுப்பு என்பது பெரும்பாலும் ஒரு கடிதம். பெர்ன் மாநிலத்தில் அங்கீகாரம் பெற்ற சபைகளின் உறுப்பினர்கள் மாநில வரியோடு சேர்த்துச் சபை வரியும் கட்டவேண்டும். ஊரில் பதியும்போது மதம் என்னவென்று கேட்கிறார்கள். அகதியாக வந்த தமிழர் கத்தோலிக்கர் என்று எழுதினால் அன்றிலிருந்து வரி உறுப்பினர். விலக வேண்டுமென்றால் பங்குச் சமூகத்துக்கு ஒரு கையெழுத்துக் கடிதம் போதும். சைவருக்கு இந்த வரி இல்லை. ஆனால் அவர் தம் கடையைப் பொறுப்பு வரையறுத்த நிறுவனமாகப் பதிந்திருந்தால் நிறுவனத்தின் இலாபத்திலிருந்து சபை வரி போகும். நிறுவனம் விலகல் கடிதம் எழுத முடியாது.

வரிக்காகத்தான் விலகுகிறார்கள் என்று எளிதாகச் சொல்லிவிடுவது வழக்கம். அது பாதி உண்மையாக இருக்கலாம். வரி எல்லா ஆண்டும் இருந்தது. விலகல் எல்லா ஆண்டும் ஒரே அளவில் இல்லை. 2023 செப்டம்பரில் சூரிச் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், சுவிஸ் கத்தோலிக்கச் சபையில் 1950 முதல் நடந்த 1,002 பாலியல் துன்புறுத்தல் நிகழ்வுகளை ஆவணங்களிலிருந்து எடுத்து வெளியிட்டார்கள். ஆய்வைக் கேட்டுச் செய்வித்தவை கத்தோலிக்க அமைப்புகளே. அந்த ஆண்டு கத்தோலிக்கச் சபையிலிருந்து விலகியோர் 67,000க்கும் மேல். முந்தைய ஆண்டைப்போல் ஏறக்குறைய இருமடங்கு. சீர்திருத்த சபையிலிருந்தும் சுமார் 39,000 பேர் போனார்கள். மதத்துக்கும் வரிக்கும் அப்பால், சபை தன் குழந்தைகளைக் காக்கவில்லை என்ற அறச்சினம் இதில் தெளிவாக இருக்கிறது.

இன்னொரு வகையினரும் உண்டு. லுசேர்ன் மாநிலத்தில் ஒருவர், வரி வாங்கும் பங்குச் சமூகத்திலிருந்து விலகுகிறேன், ஆனால் கத்தோலிக்கராகவே இருக்கிறேன் என்றார். 2007இல் கூட்டாட்சி உச்சநீதிமன்றம் அது செல்லும் என்று தீர்ப்பளித்தது. நிறுவனத்தை மறுப்பதும் விசுவாசத்தை மறுப்பதும் வெவ்வேறு என்று சட்டமே ஏற்றுக்கொண்ட இடம் இது.

தமிழ்க் குடும்பங்களுக்குள்

சுவிஸில் ஏறத்தாழ 50,000 தமிழர்கள் இருப்பதாக மதிப்பிடுகிறார்கள். பெரும்பான்மையினர் சைவர், கத்தோலிக்கர் கணிசம், பெந்தெகொஸ்தே சபைகள் வளர்ந்திருக்கின்றன. ஈழத்தில் மடுமாதாவிடம் நேர்ந்துகொண்ட சைவர்கள் இங்கே மரியாஸ்டைன் மாதா திருத்தலத்துக்கும் ஐன்சீடலன் கருமாதாவிடமும் போகிறார்கள். மெழுகுதிரி ஏற்றி, காணிக்கை செலுத்தி, திரும்பி வந்து வெள்ளிக்கிழமை அம்பாளுக்கு அர்ச்சனை செய்கிறார்கள். “எல்லாச் சாமியும் ஒண்டுதான்” என்பது அவர்களுடைய இறையியல். வேதக்காரர் வீட்டு நத்தார் கேக் எல்லார் வீட்டுக்கும் வரும்.

அதே ஆட்கள்தான், வீடு வீடாக வரும் சபைக்காரரைக் கண்டதும் “அல்லேலூயாக் கூட்டம்” என்று கதவைச் சாத்துகிறார்கள். இதில் முரண் இல்லை. மாதா அவர்களிடம் எதையும் விடச் சொல்வதில்லை. சபையோ திருநீற்றை அழி, சாமிப்படத்தைக் கழற்று என்கிறது. அவர்கள் மறுப்பது கிறிஸ்துவை அன்று, அந்த ‘மட்டும்’ என்ற நிபந்தனையை. 1712இல் எழுதப்பட்ட கடிதங்களில் ஒலித்த வாதம்தான், பேச்சுத் தமிழில்.

ஆனால் மதம் மாறியவர்களின் தரப்பைக் கேட்காமல் இதை முடிப்பது நியாயமாகாது. போரில் பிள்ளையை இழந்தவர், வதிவிட அனுமதிக்குக் காத்திருந்தவர், குடிப்பழக்கத்தில் விழுந்தவர் ஆகியோருக்குக் கைபிடித்து ஜெபித்தது யார்? கோயில் அவருக்குத் திருவிழா நாளில் கூட்டத்தைத் தந்தது. சபை செவ்வாய்க்கிழமை இரவில் தொலைபேசியை எடுத்தது. “காசுக்கு மாறினவை” என்று சொல்பவர்கள் இந்த வேறுபாட்டைக் காண மறுக்கிறார்கள். அத்தகைய பேச்சில் மறுப்பைவிட இளக்காரமே மிகுதி. சுவிஸ் குடியியல் சட்டம் 16 வயது நிரம்பிய பிள்ளைக்குத் தன் மதத்தைத் தானே தீர்மானிக்கும் உரிமையைத் தருகிறது. அந்த வயதில் ஞானஸ்நானம் கேட்கும் பிள்ளைகளும் உண்டு, எந்தக் கோயிலும் வேண்டாம் என்று சொல்லும் பிள்ளைகளும் உண்டு. பெற்றோருக்கு முதலாவது வீட்டுக் கலகமாகத் தெரிகிறது, இரண்டாவது படிப்பு மும்முரமாகத் தெரிகிறது.

எல்லை எங்கே

மறுப்பு எந்த இடத்தில் வெறுப்பாகிறது? குரலின் கடுமையை வைத்து அளப்பது பயன்தராது. நாவலரும் அம்பேத்கரும் மென்மையாக எழுதவில்லை. சுவிஸ் தண்டனைச் சட்டத்தின் 261ஆம் பிரிவு, பிறர் நம்பிக்கையை இழிவான முறையில் பகிரங்கமாக அவமதிப்பதைத்தான் குற்றமாக்குகிறது, விமரிசனத்தை அன்று. இந்திய உச்சநீதிமன்றம் 1977இல் ஸ்டானிஸ்லாஸ் வழக்கில் பிரசாரம் செய்யும் உரிமைக்குள் பிறரை மதம் மாற்றும் உரிமை அடங்காது என்றது. தமிழ்நாட்டில் 2002இல் வந்த கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் 2004இல் திரும்பப் பெறப்பட்டது. அரசு கையில் எடுத்ததும் மறுப்பின் தன்மை மாறிவிடுகிறது. ஏற்பவரின் தெரிவையும் அது பறிக்கத் தொடங்குகிறது.

இதற்கு லாங்கன்தாலிலேயே, கிறிஸ்தவத்தைக் காக்கும் பெயரால் நடந்த ஒரு சான்று இருக்கிறது. 2006இல் அங்குள்ள முஸ்லிம் சமூகம் தன் தொழுகைக்கூடத்தில் சிறு மினாரட் ஒன்று கட்ட விண்ணப்பித்தது. ஊரில் எதிர்ப்புக்குழு உருவானது. வேறு இரண்டு ஊர்களின் சச்சரவுகளோடு இதுவும் சேர்ந்து நாடளாவிய இயக்கமானது. 2009 நவம்பர் 29 வாக்கெடுப்பில் 57.5 விழுக்காட்டினர் மினாரட் தடைக்கு ஆம் என்றார்கள். அப்போது நாடு முழுவதும் இருந்த மினாரட்டுகள் நான்கு. கத்தோலிக்க ஆயர்களும் சீர்திருத்த சபைகளின் கூட்டமைப்பும் தடை வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருந்தன. தாங்கள் காக்கும் கிறிஸ்தவத்தின் சொந்தத் தலைவர்கள் சொன்னதை வாக்காளர்கள் கேட்கவில்லை. சபையிலிருந்து விலகுபவர் பெருகிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், விசுவாசமில்லாத கிறிஸ்தவ அடையாளம் ஒன்று வாக்குப்பெட்டியில் நின்று வென்றது. ஓவர்பெக் இதைப் பார்த்திருந்தால் வியந்திருக்கமாட்டார்.

முடிவுறாதவை

இந்த வரலாற்றிலிருந்து சிலவற்றை ஓரளவு உறுதியாகச் சொல்லலாம். கிறிஸ்தவத்தை வெறுக்காமல் மறுத்தவர்களில் பெரும்பாலோர் அதை நெருங்கி அறிந்தவர்கள். ஒழுக்கம், தர்க்கம், சாதி, நிறுவன ஊழல், ‘மட்டும்’ என்ற நிபந்தனை என்று அவர்களுடைய காரணங்கள் வேறுபடுகின்றன. ஒன்றின் வலிமையை மற்றதன் கணக்கில் எழுதக்கூடாது. சபை வரி கட்டாதவரின் மறுப்பும் அம்பேத்கரின் மறுப்பும் ஒரே எடை உடையவை அல்ல.

திறந்தே இருக்கும் கேள்விகளில் முதன்மையானது அக்கறையின்மை பற்றியது. கடிதம் அனுப்பிவிட்டுப் பிறகு ஒருபோதும் அதைப் பற்றி யோசிக்காதவர் மறுப்பவரா, மறந்தவரா? நாவலர் போன்ற ஓர் எதிராளியாவது கிறிஸ்தவத்தை முழு மனத்தோடு எடுத்துக்கொண்டார். இன்றைய லாங்கன்தாலின் மௌன விலகல் சபைகளுக்கு அதைவிடக் கடினமான சவாலாக இருக்கலாம். வாதிட யாரும் எதிரில் இல்லை. புலம்பெயர்ந்த மண்ணில் வளரும் தமிழ்ப் பிள்ளைகள் இந்த விலகலையே தங்கள் சைவத்தின் மீதும் செலுத்துவார்களா என்பது அடுத்த கேள்வி. அறிகுறிகள் இரண்டு பக்கமும் உள்ளன. பெர்னில் 2014இல் திறந்த சமயங்களின் இல்லத்தில் சைவநெறிக்கூடம் தமிழில் பூசை நடத்துகிறது, பெண்களும் அங்கே பூசை செய்கிறார்கள். அது பிள்ளைகளைத் தங்கவைக்கப் போதுமா என்பதைக் காலம்தான் சொல்லவேண்டும்.

நம் தரப்பில் நிலுவையில் இருப்பது இன்னொன்று. மதமாற்றத்தைக் கண்டிக்கும் சைவ மேடைகள் நாவலரின் பெயரைச் சொல்கின்றன. அசரியா எழுப்பிய கேள்வியைச் சொல்வதில்லை. சாதியால் தள்ளப்பட்டவர் வேறு வாசலைத் தேடியது ஏன் என்பதற்கு 1854இல் விட்டுப்போன பதிலை எழுதிய பிறகே, கிறிஸ்தவத்தைப் பற்றிய நம் மறுப்பு முழுமை பெறும்.